அறுவைக்குப் பின் நாற்பது நாள்



ஒரே ஆண்டில், ஒரே நோய்க்கு, ஒரே மருத்துவரின் கையால் அறுவைச் சிகிச்சை பெற்ற இரு பெண்களைப் பற்றி உங்களிடம் சொல்ல விழைகிறேன். ஒருவர் என்னைப் பெற்ற உம்மா. மற்றவர், நான் பணியாற்றும் பெண்கள் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார். உம்மா இரண்டு மாதங்களில் பழையபடி நடமாடத் தொடங்கினார்கள். அந்தத் தாயாரோ ஐந்தாம் வாரத்தில் மீண்டும் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கேள்வி பல இரவுகள் என்னை உறங்கவிடவில்லை. விடை தேடிப் போனபோது, குற்றத்தில் ஒரு பங்கு என்னிடமே இருக்கக் கண்டேன். அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்பதே என் நோக்கம்.

நான் மருத்துவம் பயின்றவள் அல்லேன். அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள். ஆகவே, நான் கண்டதையும், மருத்துவரிடம் கேட்டறிந்ததையும், படித்துத் தெளிந்ததையும் மட்டுமே இங்கே கூறுகிறேன்.

இருவருக்கும் வந்தது தொப்புள் குடலிறக்கம். ‘ஹெர்னியா’ என்றால் நம் பெண்களுக்கு எளிதில் விளங்கும். தொப்புளைச் சுற்றியுள்ள வயிற்றுத் தசை பலவீனமடைந்து, அந்த இடைவெளி வழியே குடலின் ஒரு பகுதி வெளியே பிதுங்குவதே இந்நோய். பல பிள்ளைகளைப் பெற்றவர்கள், பாரம் தூக்குபவர்கள், நாட்பட்ட இருமல் உடையவர்கள், உடல் பருத்தவர்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். பிதுங்கியதை உள்ளே தள்ளி, இடைவெளியைத் தைத்து, மெல்லிய செயற்கை வலை ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். இன்று நாடெங்கும் நாள்தோறும் நடைபெறும் சாதாரண அறுவைதான் இது.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உம்மாவுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. துபாயில் இருக்கும் என் தம்பி கேட்ட மறுநாளே பணம் அனுப்பினான். எங்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. நாற்காலிபோல் அமரும் கழிப்பறை இருக்கிறது. நான் இரண்டு வாரம் விடுப்பெடுத்தேன். அதன்பின் தம்பி மனைவி பொறுப்பேற்றுக்கொண்டாள். வேளைக்கு வேளை முட்டையும், மீனும், ஆட்டுக்கால் சூப்பும் உம்மாவின் கட்டிலைத் தேடி வந்தன. “சும்மா கெடந்து கெடந்து உடம்பு வலிக்குதம்மா” என்பதே உம்மாவின் ஒரே குறையாக இருந்தது.

அதே மருத்துவர் காலை வேளைகளில் அரசு மருத்துவமனையில் பணிபுரிபவர். ஆறு மாதம் கழித்து அந்தத் தாயாருக்கும் அவரே அறுவை செய்தார்.

மூன்று ஆண்டுக் காத்திருப்பு

தாமிரபரணிக் கரையோரத்து எங்கள் ஊரில் பீடி சுற்றாத தெரு அரிது. அந்தத் தாயாரும் பதினான்கு வயதில் மடியில் பீடித்தட்டை ஏந்தியவர். அறுவையின்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று, நான்கு பிரசவம். கணவர் கேரளத்தில் தேநீர்க் கடை ஒன்றில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் பணம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு.

வயிற்றில் பிதுக்கம் தோன்றி மூன்று ஆண்டுகள் ஆகியும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கையால் உள்ளே அழுத்தி, பழைய சேலைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு பீடி சுற்றினார். புகையிலைத் தூள் தந்த இருமல் வேறு. ஒவ்வோர் இருமலுக்கும் பிதுக்கம் பெரிதாயிற்று. ஒருவழியாக மருத்துவமனைக்குச் சென்றபோது, “சர்க்கரை மிகுந்திருக்கிறது, இரத்தம் குறைந்திருக்கிறது, இரண்டையும் சீராக்கிக்கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார்கள். அது முற்றிலும் சரியான மருத்துவ முடிவு. சர்க்கரை மிகுந்த உடலில் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குன்றும்; புண் ஆறத் தாமதமாகும். ஆனால் அவருக்கு அது வேறு விதமாக விளங்கிற்று. “நம்மள வேண்டாம்னுட்டாங்க” என்று வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று முறை அலைந்தார். மூன்று நாள் கூலி போயிற்று. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லைதான். ஆனால் இழந்த கூலிக்கு யார் ஈடு தருவார்?

“குடல் அந்த இடைவெளியில் சிக்கி இறுகிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று அழுகிவிடும், அப்போது உயிருக்கே ஆபத்து” என்று மருத்துவர் எச்சரித்த செய்தியை மகள் வகுப்பில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். அதன்பிறகுதான் நான் களத்தில் இறங்கினேன். மதரஸா ஆசிரியைகளும் தெருப் பெண்களும் சேர்ந்து ரூ. 14,000 திரட்டினோம். அரசு மருத்துவமனையில் அறுவைக்குக் கட்டணம் கிடையாது. எனினும் வெளியே எடுத்த பரிசோதனைகள், ஆட்டோ, துணையிருப்பவருக்குச் சாப்பாடு, வயிற்றுப் பட்டை, சத்து மாவு என்று ரூ. 11,700 செலவாயிற்று. அறுவை நன்முறையில் முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மீதி ரூ. 2,300ஐ ஒரு ரூபாய் குறையாமல் பைத்துல்மாலில் திருப்பிச் செலுத்தி, ரசீதும் பெற்றுக்கொண்டேன். பொதுப் பணத்தில் நாணயமாக நடந்துகொண்டோம் என்று மனம் நிறைந்திருந்தது.

அந்த மனநிறைவுதான் என் தவறு என்பது பின்னரே தெரிந்தது.

ஒன்பதாம் நாள்

வீடு திரும்பிய அந்தத் தாயார், அறுவையான ஒன்பதாம் நாள் பீடித்தட்டை மடியில் எடுத்து வைத்தார். வீட்டில் அரிசி வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து பீடி ஒப்படைக்காவிட்டால் கடையில் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அது. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். மூத்த மகள் தாயுடன் மருத்துவமனையில் இருந்ததால் பள்ளித் தேர்வைத் தவறவிட்டிருந்தாள். விட்ட பாடத்தை இரவில் கண்விழித்துப் படித்துக்கொண்டிருந்தவளை எழுப்ப மனமில்லாமல், தாயே குடத்தைத் தூக்கினார். பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ பாரம்!

உணவோ, மாமியார் விதித்த பத்தியம். முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு ஆகாது. தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்பது அந்த மூதாட்டியின் உறுதியான நம்பிக்கை. தீய எண்ணத்தால் அவர் அப்படிச் சொல்லவில்லை. தம் மருமகளின் புண் ஆற வேண்டும் என்ற அக்கறையால்தான் சொன்னார். அதனால் கஞ்சியும் ரசச்சோறுமே உணவாயின. புண்ணை மூடும் புதிய தசை வளர்வதற்குப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைத்தான் அன்பின் பெயரால் நிறுத்திவிட்டோம்.

கழிப்பறை, ஐந்து வீட்டுக்கும் பொதுவாக வளவின் கோடியில் இருந்தது. இரவில் அங்கே போகக் கூசி அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அதனால் மலச்சிக்கல், குந்தி அமர்ந்து முக்க நேர்ந்தது. முக்கலும் இருமலும் உள்ளேயிருந்து தையலை இழுத்தன.

மருத்துவமனையில் தந்த சீட்டில், கனமான எதையும் தூக்கக் கூடாது, சர்க்கரை மாத்திரையை விடக் கூடாது, சிவப்போ காய்ச்சலோ கண்டால் உடனே வர வேண்டும் என்றெல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில்! அந்த வீட்டில் அதைப் படித்து விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. படிக்கத் தெரிந்த நானோ, ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டு என் வேலையில் மூழ்கியிருந்தேன்.

“உம்மா சேலையில எப்பவும் ஈரமா இருக்கு” என்று மகள் என் காதருகே சொன்னபோது ஐந்தாம் வாரம் நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். காய்ச்சல் கொதித்தது, புண்ணிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. மீண்டும் மருத்துவமனை, தையலைப் பிரித்துச் சுத்தம் செய்து, நாள்தோறும் கட்டு மாற்றி, இருபத்து நான்கு நாள் வார்டு வாசம்.

வார்டில் அவர் அருகில் அமர்ந்து, “ஏம்மா, ஓய்வாக இருக்கச் சொன்னார்களே, இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. மெல்லிய குரலில், “லாத்தா, ஆபரேஷனுக்கு எல்லாரும் வந்தீங்க, காசும் தந்தீங்க. சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு யாரு லாத்தா காசு தருவா?” என்றார்.

என் பையில் இருந்த ரசீது அப்போது நினைவுக்கு வந்தது. ரூ. 2,300. நாளொன்றுக்கு அவர் சுற்றும் கணக்கில் ஏறத்தாழ பதினொரு நாள் கூலி. அந்தப் பதினொரு நாளைத்தான் நான் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

வறுமை புண்ணுக்குள் நுழைகிறது

அந்த மருத்துவரைத் தனியே சந்தித்து, “உங்கள் அறுவையில் ஏதேனும் குறை நேர்ந்ததா?” என்றே கேட்டுவிட்டேன். அவர் வருந்தவில்லை. “இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் தைத்தேன். என் வேலை ஒன்றரை மணி நேரம். மீதி வேலையை அவர்கள் வீடு செய்ய வேண்டும்” என்றார்.

வெளித்தோல் பத்து நாளில் மூடிக்கொள்கிறது. அதைக் கண்டு நாம் ஏமாந்துவிடுகிறோம். உள்ளே தைத்த இடம் வலுப்பெறுவது மிக மெதுவாகவே நடக்கிறது. மூன்று மாதம் சென்ற பிறகும் அது தன் பழைய வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தையே எட்டுகிறது. அறுவையான 30 நாளுக்குள் அந்தப் புண்ணில் சீழ் பிடித்தால், நோயாளி வீட்டில் இருந்தாலும் அதை அறுவையோடு சேர்த்தே மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. வலை போன்ற பொருளை உள்ளே வைத்திருந்தால் அதைவிட நெடுநாள் கண்காணிக்கிறார்கள். அப்படியானால் அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுவது எத்தனை பெரிய பிழை!

வரலாற்று மாணவி என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1846ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தைக் கொடுத்து மருத்துவர்கள் பலர் முன்னிலையில் அறுவை செய்து காட்டினார்கள். அதுவரை அறுவை என்றால் கைகால்களைப் பிடித்துக்கொண்டு அறுப்பதுதான். வலி வெல்லப்பட்டது. ஆயினும் சீழ் பிடித்து இறந்தவர்கள் ஏராளம். கிளாஸ்கோவில் பணிபுரிந்த ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மை செய்யும் முறையை 1867இல் வெளியிட்டார். கிருமியும் வெல்லப்படலாயிற்று. வலியையும் கிருமியையும் வெல்ல அறிவியல் வழி கண்டது. மூன்றாவதாக நிற்கும் வறுமையை மருத்துவர் கத்தியால் அறுத்தெறிய இயலாதே!

இது எங்கள் தெருவுக்கு மட்டும் உரிய துயரம் என்று நினைக்காதீர்கள். ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த உலகளாவிய அறுவைச் சிகிச்சை ஆணையம் 2015இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவைச் சிகிச்சை எட்டாத நிலையில் உலகில் 500 கோடி மக்கள் இருப்பதாக அது கூறிற்று. மருத்துவக் கட்டணத்தால் பொருளாதாரப் பேரிடருக்கு உள்ளாவோர் ஆண்டுக்கு 3 கோடியே 30 லட்சம் பேர். பயணம், உணவு, தங்குமிடம் போன்ற மருத்துவம் சாராத செலவுகளால் அதே நிலைக்குத் தள்ளப்படுவோர் மேலும் 4 கோடியே 80 லட்சம் பேர்! மருத்துவமனைக் கட்டணத்தைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள செலவுகளே அதிகம் பேரை வீழ்த்துகின்றன. நாமோ உதவி என்றவுடன் கட்டண ரசீதை மட்டுமே கேட்கிறோம்.

நோயாளி அறுவை மேசைக்கு வரும் முன்பே வறுமை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகை உள்ளவர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் எஞ்சியதை உண்ணும் நம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். இந்தக் கணக்கு வியப்பளிக்காது.

ஓய்வுக்கும் விலை உண்டு

ஓய்வு என்பது அறிவுரை அன்று. அதற்கு ஒரு விலை உண்டு. சட்டம் இதை எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது. 1948இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்று அழைக்கும் திட்டத்தைத் தந்தது. அதில் சேர்ந்த தொழிலாளி நோயுற்றால் மருந்து மட்டும் கிடைப்பதில்லை. வேலைக்குப் போக இயலாத நாள்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதமும் கிடைக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களில் ஒருவரிடமும் அந்த அட்டை இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பலரிடம் இருக்கிறது. தனியார் மருத்துவமனையிலும் அறுவைச் செலவை ஏற்கும் அரிய உதவி அது. ஆயினும் வீட்டில் படுத்திருக்கும் நாளுக்கு அதில் கூலி கிடையாது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவி, ஊதிய இழப்பையும் சத்துணவையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. 2018இல் அது ரூ. 18,000 ஆக உயர்த்தப்பட்டது. பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வும் உணவும் தேவை என்று உணர்ந்த சமூகத்துக்கு, வயிற்றை அறுத்துத் தைத்த பெண்ணுக்கும் அவை தேவை என்பது ஏன் புலப்படவில்லை?

அரசை மட்டும் கேட்பானேன்? நம் வீடுகளையே கேட்போம். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் நாம் எப்படிப் பாதுகாக்கிறோம்! குடம் தூக்க விடுவதில்லை, அடுப்படிக்கு அனுப்புவதில்லை, வீடு தேடிக் காயமும் கறியும் வருகின்றன. எத்தனை ஏழை வீடானாலும் அந்த நாற்பது நாள் உண்டு. தாய் வீடு, மாமியார் வீடு, அண்டை வீடு என்று எல்லாரும் சேர்ந்து அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறோம். அந்தப் பழக்கத்தைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சற்று விரித்தாலே போதும்.

நாங்கள் தொடங்கியது

அந்தத் தாயார் இரண்டாம் முறை வீடு திரும்பியபோது, எங்கள் மதரஸாவின் மூத்த மாணவிகளும் தெருப் பெண்களும் சேர்ந்து ‘நாற்பது நாள் முறை’ ஒன்றை வகுத்துக்கொண்டோம். மருத்துவச் சீட்டை நான் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அவர் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். நான்கு வீட்டார் முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். மருத்துவமனைச் செவிலியர் ஒருவரிடமே மாமியாரை அழைத்துச் சென்றேன். “பெத்தம்மா, முட்டை கொடுத்தால்தான் புண் ஆறும்” என்று அவர் தம் வாயால் சொன்னதும், மறுநாள் முதல் மாமியாரே முட்டை அவித்துக் கொடுக்கலானார். நான் சொன்னபோது கேட்காதவர்!

எல்லாவற்றிலும் பெரிய உதவியைச் செய்தவர்கள் பீடி சுற்றும் பெண்களே. ஆளுக்கு நூறு பீடி கூடுதலாகச் சுற்றி, அந்தத் தாயாரின் பெயரில் கடையில் ஒப்படைத்தார்கள். கூலியும் வந்தது, பெயரும் நிலைத்தது. அதைச் செய்த யாரும் வசதி படைத்தவர்கள் அல்லர்.

எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மை அதுவன்று. முதல் முறை பட்ட சேதம் முழுமையாக நீங்கவில்லை. அடுத்த ஆண்டே அதே இடத்தில் மீண்டும் சிறு பிதுக்கம் தோன்றியது. மற்றோர் அறுவை தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர். மகள் தவறவிட்ட தேர்வும் திரும்பி வரவில்லை. எங்கள் முறை அதன்பின் ஏழு குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. இரண்டு குடும்பங்களில் ஆள் இல்லாமல் பாதியில் நின்றும் போயிற்று.

சகோதர, சகோதரியரே! உங்கள் ஊரிலும் ஜும்ஆவுக்குப் பின் அறுவைச் சிகிச்சைக்காக உதவி கேட்டு அறிவிப்பு வரும். கொடுங்கள், மனமுவந்து கொடுங்கள். ஆனால் வசூலிப்பவர்களிடம் சில கேள்விகளையும் கேளுங்கள். வீடு திரும்பியபின் அவர் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? அந்த நாள்களின் கூலிக்கு என்ன வழி? தண்ணீர் யார் எடுப்பார்? கூட இருக்கப் போவது பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையா? மருத்துவச் சீட்டை யாராவது படித்துச் சொன்னார்களா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை வசூலை முடித்துவிடாதீர்கள்.

அந்த ரூ. 2,300 ரசீதை நான் கிழித்துப் போடவில்லை. என் மேசை இழுப்பறையில் இன்னும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை உதவிக் கணக்கை முடிக்க உட்காரும்போதும் அதை எடுத்துப் பார்த்துவிட்டே பேனாவைத் திறக்கிறேன். நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் முழு நலத்தையும், நலம் பெறுவதற்கு வேண்டிய ஓய்வையும் அருள்வானாக!